மேடைக்கு அழைக்க வேண்டிய பெயர்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. நான் சனிக்கிழமைகளில் கதை சொல்லும் அறைக்குப் பக்கத்தில் சீன மொழி வகுப்பு நடக்கிறது. டீச்சர் ஒரு வாக்கியம் சொல்வாள், வகுப்பே திருப்பிச் சொல்லும். எல்லோரும் முடித்த பிறகு ஒரு குரல் மட்டும் சற்றுத் தாமதமாக முடியும். அந்தக் குரலுக்கு ஓர் ஆளைச் செய்யலாமென்று உட்கார்ந்தேன்.

2

"மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், சீன மொழி டீச்சர் தனியாக…"

(அடித்துவிட்டேன். பயத்துக்கு மழை எதற்கு? நல்ல வெயில். மின்விசிறி ஓடுகிறது. ஆட்கள் இருக்கிறார்கள்.)

சீன வகுப்புகளில் பல இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்தவர்களுக்கு டீச்சர் ஆளுக்கொரு சீனப் பெயர் வைப்பார். வகுப்பில் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார். சீனாவிலிருந்து வந்த நம் டீச்சரும் வைத்தாள். பல் டாக்டருக்கு மலை என்று அர்த்தம் வருகிற பெயர். கடைசியில் தையல்காரி வந்து நின்றாள். டீச்சர் வாயில், செத்துப்போன தன் தங்கையின் பெயர் வந்துவிட்டது.

(வந்துவிட்டதா, வரவழைத்தாளா? மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். வரவழைத்தாள் என்றே இருக்கட்டும். தங்கை போன அன்று இவள் தூரதேசத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை. வாய்விட்டுக் கூப்பிட அவளுக்கு வேறு இடம் ஏது, பாவம்!)

3

சீன மொழி நாள் விழாவுக்கு ஒத்திகை. மேடையில் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிச் சீனத்தில் சொல்ல வேண்டும். தையல்காரி எழுந்து, "எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள்" என்றாள். அதுவும் வகுப்பில் சொல்லித்தராத, டீச்சர் பிறந்த ஊரின் இழுவையில்.

"அக்கா ஏதும்மா உங்களுக்கு? ஒத்தைப் பொண்ணுன்னீங்களே?"

"ஒத்தைதான் டீச்சர். வாய் தானா சொல்லிடுச்சு."

"அந்த இழுவையை எங்க கத்துக்கிட்டீங்க?"

"இழுவையா? எப்பவும் இப்படித்தானே பேசுறேன்?"

பல் டாக்டர் சிரித்தார். "பாத்தீங்களா, வீட்டுப்பாடம் பண்ணலைன்னா குடும்பமே மாறிடுது!"

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

வகுப்பு முடிந்தது. வாசலில் தையல்காரியின் புருஷன், இடுப்பில் குழந்தையோடு. பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. குழந்தை "அம்மா" என்றது. அதற்கும் இல்லை. கைப்பையை மாட்டிக்கொண்டு டீச்சரையே பார்த்தபடி நின்றாள்.

"வீட்லயும் இதே கதைதான் டீச்சர்" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "மெஷின் சத்தத்துல கேக்கலைன்னு நெனச்சேன். விளையாட்டுக்கு நீங்க வச்ச பேரைச் சொன்னேன், ஒடனே 'ம்'ங்கிறா. அதை எடுத்துடுங்களேன். வேற எதாச்சும் வைங்க."

"பாக்கலாம்" என்றாள் டீச்சர்.

(அந்த 'பாக்கலாம்'மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் திரும்பக் கிடைத்ததை யார் சட்டென்று விடுவார், சொல்லுங்கள்?)

4

விழா. டீச்சர் கையில் மைக். முன்வரிசையில் புருஷனும் குழந்தையும். திரையோரம் தையல்காரி.

ஒரு முடிவு: டீச்சர் தையல்காரியின் சொந்தப் பெயரைக் கூப்பிடுகிறாள். அவள் தூங்கி விழித்தவள்போல வெளிச்சத்துக்கு வந்து குழந்தையைத் தேடுகிறாள். திரைக்குப் பின்னாலிருந்து யாரோ, டீச்சர் ஊர்ப் பேச்சில், "அக்கா, அப்ப நான்…"

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

இன்னொரு முடிவு: தங்கையின் பெயரைக் கூப்பிடுகிறாள். அவள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். அரங்கமே கைதட்டுகிறது. குழந்தை மட்டும் கேட்கிறது: "அப்பா, அது யாரு?"

(இதையும் விட்டுவிட்டேன்.)

எது சரி என்று தெரிந்துகொள்ள, கதையில் அந்தத் தங்கைக்கு நான் வைத்திருந்த பெயரைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். வீட்டில் நான் மட்டும்தான். பக்கத்து அறையிலிருந்து, "இதோ வர்றேன்" என்று கேட்டது.

பெயரை அழித்துவிட்டேன்.

டீச்சர் இன்னும் மைக்கோடு நிற்கிறாள், தங்கங்களே. இனி நீங்கள்தான் கூப்பிட வேண்டும். அவள் இடத்தில் நின்று பாருங்கள். உங்களுக்கென்று ஒரு பெயர் தொண்டைவரை வரும். வரட்டும்.

வாய்விட்டு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.