மழையில் ஏறாத பேட்டரி

விடாத மழையில் கொச்சி மட்டாஞ்சேரியில் கரண்டு போயிருந்தது. கூரையிலிருந்த சோலார் பேனலாலும் பயனில்லை. இரண்டு பேட்டரிகளும் காலியாகிக்கொண்டிருந்தன. செல்லப்பாவின் ஆக்சிஜன் மெஷின் அவற்றை நம்பித்தான் ஓடியது. மிளகு குடோனில் மூட்டை தூக்கியே அவருடைய நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. தண்ணீர் ஏறிய சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது.

செல்லப்பாவின் மனைவி சீனியம்மாளின் தம்பி மாரிச்செல்வம் தன் மீன்பிடி வள்ளத்து டீசல் எஞ்சினை வாசலில் இறக்கி, பழைய கார் ஆல்டர்னேட்டரை பெல்ட் போட்டு அதோடு இணைத்தான். பேட்டரி ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஆல்டர்னேட்டரில் கருகல் வாடை வந்தது. எஞ்சின் வேகத்தைக் குறைத்தான். ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகி, சூடு கூடத்தான் செய்தது.

"காலி பேட்டரி ரெண்டும் சேர்ந்து கரண்டை இழுக்குதுக்கா. ஒண்ணைக் கழட்டணும்."

"கழட்டேன்டா" என்றாள் சீனியம்மாள்.

"ஓடும்போது கழட்டினா ஆல்டர்னேட்டர் போயிரும். பேட்டரி இன்னும் ஏறல, எஞ்சினை நிறுத்தினா அத்தானோட மெஷினும் நின்னுரும்."

கட்டிலிலிருந்து செல்லப்பா கையை ஆட்டினார்.

"எடா, நிறுத்து. மிளகுத் தூசில மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மூட்டை தூக்கினவன் நான்."

எஞ்சின் அடங்கியது. மெஷின் கூவிவிட்டு நின்றது. அவசரத்தில் மாரிச்செல்வத்தின் ஸ்பானர் நழுவித் தண்ணீரில் விழுந்தது. சீனியம்மாள் துழாவி எடுத்துக் கொடுத்தாள். ஒரு பேட்டரியைக் கழற்றிவிட்டு எஞ்சின் கைப்பிடியைச் சுற்றினான். எஞ்சின் இருமிவிட்டு அணைந்தது. மறுபடி சுற்றினான். பிடித்துக்கொண்டது.

மெஷின் ஓடும் சத்தம் கேட்டுச் சீனியம்மாள் உள்ளே ஓடினாள். செல்லப்பாவின் உதடு நீலமாகியிருந்தது. பேச்சு வரச் சற்று நேரமானது.

"இந்த மூட்டை கொஞ்சம் கனம்" என்றார்.