எஸ்.டி.டி. பூத்தில் ஓர் உல்லன் உருண்டை

சித்தூர் வெயிலில் உட்கார்ந்து உல்லன் பின்னுகிறேனே என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது என் தவறுதான்.

தொண்ணூற்றாறில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். கண்ணாடி அறைக்குள் புழுக்கம் தாங்காது. கதவைத் திறந்து வைத்துத்தான் எல்லோரும் பேசுவார்கள். குவைத் என்றால் குரலும் உயரும். ஊரார் சுகதுக்கமெல்லாம் என் காதில் விழும்.

பக்கத்து ஊர் கங்காதர நெல்லூரிலிருந்து யாமினி வெள்ளிக்கிழமைதோறும் வருவாள். கணவன் திலீப் குவைத்தில் டிரைவர். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தையில்லை. அவன் விடுமுறைக்கு வந்து போனபின் ஒருநாள், அவள் போனில் அழுதுகொண்டே சிரித்தாள்.

"நாள் தள்ளிப் போச்சு. யாருக்கும் சொல்லாதே. மூணு மாசம் முடியட்டும், அத்தைகிட்ட நானே சொல்றேன்."

ஆறு வருடமாக அவளுக்காக நானும் பெருமாளிடம் வேண்டியவள். மறுநாள் சந்தையில் அவள் மாமியார் சந்திரம்மாவைக் கண்டதும் சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை.

"பேரப்புள்ளை வருது, சர்க்கரை குடுங்க!"

அந்த அம்மாள் முகம் சுண்டிப்போயிற்று. "வூட்ல கீற எனக்குத் தெரியாதது பூத்துக்காரிக்குத் தெரியுமா?"

அடுத்த வெள்ளி யாமினி வாசலோடு நின்றாள். "போன் பேசத்தானேக்கா துட்டு குடுத்தேன்? தண்டோரா போடவா குடுத்தேன்?" சொல்லிவிட்டு, கோர்ட்டுப் பக்கத்து பூத்துக்கு வெயிலில் நடந்து போனாள்.

அவள் என்னை நம்பி மறுபடி படியேற வேண்டும். எனக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. காதை அடக்க ரேடியோ வைத்தேன், பேசுகிறவர்கள் திட்டினார்கள். கோவிந்த நாமம் சொன்னேன். நாமம் நாக்கில் ஓடியது, காது பூத்துக்குள்ளேயே இருந்தது.

பஸ்ஸில் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பிரசவ வார்டு நர்ஸ் பொன்னியம்மா, என் வயதுக்காரி, மகளுக்குப் போன் போட வருவாள். காத்திருக்கும்போதெல்லாம் கை பின்னிக்கொண்டிருக்கும். என் கதையைக் கேட்டுச் சிரித்தாள். இரண்டு ஊசியும் ஓர் உருண்டை நூலும் தந்தாள்.

"எண்ணிக்கினே போடு பத்மினி. பராக்கு பார்த்தா ஊசியில கீற நூல் கண்ணி வுட்டுப்போவும், பிரிச்சுட்டு மொதல்லருந்து ஆரம்பிக்கணும்."

முதல் வாரம் இருபது கண்ணி இருபத்தேழானது. யாரோ மகனின் பரீட்சை முடிவைச் சொல்ல, என் வரிசை அவிழ்ந்தது. ஒட்டுக்கேட்டதற்கு உடனே தண்டனை! பிரித்தேன், போட்டேன். இரண்டாம் மாதம் ஒரு குட்டித் தொப்பி உருவானது. வெயிலூரிலும் பிறந்த குழந்தைக்குத் தலை மூட வேண்டுமாம். பொன்னியம்மா வார்டுக்கு எடுத்துப் போனாள். பூத் மூடிய ஞாயிற்றுக்கிழமையிலும் கை தானாக ஊசியைத் தேடியது. காதுக்காகத் தொடங்கியது மனதுக்குப் பிடித்துப்போயிருந்தது.

ஐந்து மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, நிறைவயிறோடு யாமினி வந்தாள், கூடவே சந்திரம்மா.

"கோர்ட்டு வரைக்கும் இவளால நடக்க முடியல," என்று மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்தார். யாமினி என் முகம் பாராமல் உள்ளே போனாள். நெடுநேரம் பேசினாள். நான் பின்னினேன்.

சந்திரம்மா என் பக்கம் சாய்ந்தார். "இன்னா பேசிக்கினு கீறா? எம்மவன் எப்ப வரானாம்? உனக்குத்தான் எல்லாம் கேக்குமே!"

யாமினி ரிசீவரை வைத்துவிட்டு வாசலில் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"சத்தியமா தெரியாதும்மா. இந்த வரிசையில அம்பத்தி ரெண்டு கண்ணி கீது, அதான் தெரியும்."

யாமினி என்னையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மாமியாரின் தோளில் கை வைத்தாள்.

"பிரசவத்துக்கு வந்துடுவாராம் அத்தை. நீங்களே பேசுங்க, திரும்பப் போடச் சொல்றேன்." என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அதே நம்பர்தான்."

நான் எண்ணைச் சுழற்றினேன். பெருமாளே, நீ தருகிற மன்னிப்பு மனிதர் கையால்தான் வந்து சேருகிறது.