பின்னணிகள் வந்துசேரும் வீடு

இலவச மென்பொருளில் ஒரு போட்டோவின் பின்னணியை வெட்டினால், வெட்டிய பின்னணி வெட்டியவர் வீட்டுக்கு வந்து சேரும். காசு கட்டுகிறவர்களுக்கு அந்தப் பாடு இல்லை. கம்பெனிக்காரர்களே எங்கோ ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். மேகலாவுக்குக் காசு கட்டிக் கட்டுப்படியாகாது. புருஷன் வெள்ளிங்கிரி தேங்காய் லோடு ஓட்டிக் கொண்டுவருவது அரிசிக்கும் பாலுக்கும் சரியாக இருந்தது. அதனால் பழைய லேப்டாப் ஒன்றைப் பிடித்து, அதில் இலவசத்தை ஏற்றி, காதுகுத்து, சீர், பிறந்தநாள் என்று ஊருக்கெல்லாம் பேனர் செய்து கொடுத்தாள். மென்பொருள் காசு கேட்கவில்லை, இடம்தானே கேட்கிறது என்று கொல்லைக் கதவை மட்டும் சாத்தாமல் வைத்திருந்தாள்.

பின்னணிகள் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வரும். சுவர்களைச் சுவரோடு சாய்த்து வைப்பாள். மரங்கள் கொல்லையில் நின்றுகொள்ளும். வானம் ரொம்ப லேசு. சேலை மாதிரி மடித்துப் பீரோவில் வைத்துவிடலாம். யாரோ ஊட்டிக்குப் போய் எடுத்த ஏரி ஒன்று வந்தபோது அதைச் சமையற்கட்டில் வைத்தாள். அது வந்ததிலிருந்து பால் திரிவதில்லை.

எல்லாவற்றின் நடுவிலும் ஆள் உருவத்தில் ஓர் ஓட்டை இருக்கும். மகள் லத்திகா, மாப்பிள்ளை ஓட்டையில் நுழைந்து கவுன்சிலர் ஓட்டை வழியாக வெளியே வந்து விளையாடுவாள். இலவசத்துக்கு ஓரம் சுத்தமாக வெட்ட வராது. காது நுனி, மீசை முனை எல்லாம் பின்னணியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மேகலா அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள், யாராவது தேடி வந்தால் கொடுக்கலாம் என்று.

மேகலாவின் கை ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. லத்திகாவின் முதல் பிறந்தநாள் போட்டோவுக்குப் பிள்ளை நிற்கமாட்டேன் என்றது. மேகலா பின்னால் குனிந்து, முகத்தை மறைத்துக்கொண்டு, கையால் மட்டும் பிடித்திருந்தாள். பேனரில் கை தெரியக்கூடாதே என்று வெட்டினாள். மறுநாள் வளையல் போட்ட கை, பிள்ளை அளவு ஓட்டையைப் பிடித்தபடி கொல்லை வழியாக வந்தது. அடுப்புப் பக்கம் ஆணியில் மாட்டினாள். கரண்டி கொடுத்தால் பிடித்துக்கொள்ளும்.

ஒருநாள் காலையில் தேங்காய்க் களம் வைத்திருக்கும் சென்னியப்பன் வந்தார். தலைக்கு எண்ணெய் இல்லை. அவருடைய அம்மா நாச்சம்மாள் போன வாரம் தவறியிருந்தாள்.

"கருமாதிக்கு ஒரு பேனர் வேணும் அம்மிணி."

"போட்டோ குடுங்கண்ணா."

"அதுதான் இல்ல. போட்டோ எடுக்கலாம் வாம்மான்னா, நானெதுக்குடா, நீங்க நில்லுங்கன்னு உள்ள போயிரும்."

"ஆதார் கார்டு?"

"அதப் பார்த்துட்டு எம்பொண்ணே இது யாருன்னு கேக்கறா."

அவர் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். "நான் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுனப்ப நீ எனக்குப் பேனர் போட்டியே. அந்தப் போட்டோவுல அம்மா எனக்குப் பின்னால நின்னுச்சு. போனு கிணத்துல விழுந்துபோச்சு. நீ வெட்டுனது உங்கிட்டத்தான இருக்கும்?"

"இருக்கோணும்ங்கண்ணா."

"அப்ப இருந்து தினமும் மத்தியானம் இந்தப் பக்கந்தான் வந்துட்டிருந்துச்சு. எங்க போறம்மான்னா, நிக்கப் போறேன்னு சொல்லும்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "சாமான் செட்டெல்லாம் அப்பிடியே கெடக்குது அம்மிணி. மூஞ்சி மட்டும் எனக்கு நெனப்புக்கு வரமாட்டேங்குது."

மேகலா சுவர்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சென்னியப்பனின் புது வீட்டு முகப்பைக் காணோம். பிறகுதான் நினைவு வந்தது. மழைக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சுலோச்சனா ஆட்டுக் கொட்டாய்க்கு மறைப்பாக வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

"தரமாட்டேன் போடி," என்றாள் சுலோச்சனா. "அந்தாத்தா நிக்கறதுல இருந்து ஒரு நாய் உள்ள வரதில்ல. பேர் சொல்லி ஆட்டைக் கூப்பிடுது."

"வேற தாரேனுக்கா. கடல் இருக்குது."

"கடலா? உப்புத் தண்ணியக் குடிச்சு ஆடு கழியறதுக்கா?"

"பஸ் ஸ்டாண்டு?"

"ஏறி எங்கயாச்சும் போயிரும்."

கடைசியில் ஒரு கல்யாண மண்டப மேடைக்கு ஒப்புக்கொண்டாள். "அலங்காரத்தைத் தின்னா நான் பொறுப்பில்ல," என்று மட்டும் சொன்னாள்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முகப்பைத் தூக்கிவந்து நிறுத்தினார்கள். வாழைமரம் இருந்தது, மாவிலைத் தோரணம் இருந்தது, நடுவில் சென்னியப்பன் அளவில் ஓட்டை இருந்தது. ஓட்டையை ஒட்டி நாச்சம்மாள் பாதி இருந்தாள். ஒரு கண், ஒரு மூக்குத்தி, முந்தானையில் துடைத்துக்கொண்டிருக்கும் ஒரு கை. மிச்சம் மகன் மறைத்த பக்கம்.

சென்னியப்பன் அந்த ஒரு கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காசு கட்டி வாங்கறதுன்னா, இருக்கற பாதிய வச்சு மீதிய அதுவே வரைஞ்சுக்கும்," என்றாள் மேகலா. "ஆனா யாரோட மீதியோ."

"யாரோடதோ எனக்கெதுக்கு."

"இலவசத்துக்கு வரையத் தெரியாதுங்க. இருக்கறத நாமதான் எடுத்துக் குடுக்கோணும்." ஓட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "மறைஞ்சது எங்கயும் போயிருக்காதுங்கண்ணா. உங்களுக்குப் பின்னாலதான் இருக்கும். உள்ள போய் நில்லுங்க பாக்கலாம்."

அந்தப் போட்டோ எடுத்த ஒரு வருஷத்தில் சென்னியப்பனுக்கு வயிறு வைத்துவிட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு ஓட்டைக்குள் நின்றார். பொருந்தியது.

"இப்பப் பின்னால நகருங்க."

நகர்ந்தார். நாச்சம்மாளும் கூடவே நகர்ந்தாள்.

"ஆத்தா, நீங்க முன்னால வாங்க."

"நானெதுக்கு சாமி," என்றாள் நாச்சம்மாள். "அவன் சட்டை நல்லா இருக்குது. அவன் நிக்கட்டும்."

"அம்மா, வாம்மா," என்றார் மகன்.

"வெயில் ஏறுது, சட்டுனு எடுத்துட்டுச் சாப்பிட வாங்க." இன்னும் பின்னால் போனாள். இப்போது மூக்குத்தியும் மறைந்துவிட்டது. கண் மட்டும் தெரிந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டால் அதுவும் போய்விடும் போலிருந்தது.

மேகலா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சமையற்கட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கத்தினாள்.

"ஆத்தா! பால் பொங்குது!"

நாச்சம்மாள் மகனை ஒதுக்கித் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். முழுசாக வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. மேகலா போட்டோ எடுத்துவிட்டாள். அதன் பிறகு நாச்சம்மாள் சுவருக்குத் திரும்பவில்லை.

போன் திரையில் அந்த முகத்தைச் சென்னியப்பன் பார்த்தார். "இதேதான்," என்றார். "இப்பிடித்தான் ஓடும்."

அன்றைக்கே பின்னணியை வெட்டி, 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதி முடித்தாள். முச்சந்தியில் பேனரைக் கட்டினார்கள். நாச்சம்மாள் ஒரு கால் முன்வைத்து, யார் வீட்டு அடுப்பையோ பார்த்தபடி இருந்தாள். கட்டியிருந்த நாள் வரைக்கும் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் பால் பொங்கி வழியவில்லை.

மறுநாள் மத்தியானம் சோறு தின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கொல்லைக் கதவு அசைந்தது. புது வீட்டு முகப்பு, வாழைமரம், தோரணம். நடுவில் நாச்சம்மாள் அளவில் ஓட்டை. அதற்குப் பின்னால் சென்னியப்பன், இடது பாதி மட்டும்.

"எங்க நிக்கட்டும் அம்மிணி?"

"ஏரிக்குப் பக்கத்துல நில்லுங்கண்ணா, குளுகுளுன்னு இருக்கும். வீட்ல தேடமாட்டாங்களா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன். பொழுது சாயப் போய் மாட்டைப் புடிச்சுக் கட்டிட்டு, நாளைக்கு வந்துர்றேன்."

லத்திகா ஓடிப்போய் ஓட்டைக்குள் நின்று பார்த்தாள். தலைக்கு மேலே நிறைய மிச்சம் இருந்தது.

"உனக்கு இன்னும் பத்தாது கண்ணு," என்றார் சென்னியப்பன்.

மேகலா கையைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை நகர்த்திவிட்டு, தான் நின்று பார்த்தாள். தோள் சரியாக இருந்தது. இடுப்பு சரியாக இருந்தது. முன்வைத்த காலுக்குக்கூட இடம் இருந்தது. அங்கே வெளிச்சம் நன்றாக விழுந்ததால், ஆணியில் இருந்த கையிடம் முறத்தைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு, நின்றபடியே ராத்திரிக் குழம்புக்கு அவரைக்காய் உரிக்கத் தொடங்கினாள்.