மலை இறங்காத பங்குகள்

வேல்ராஜ் மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து என் மேசைமேல் விரித்து வைத்தபோது வியாழக்கிழமை காலை மணி பதினொன்றுகூட ஆகவில்லை. பங்கு விலைப் பட்டியலில் எங்கள் மேல்மலை வங்கியின் பெயருக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார். பக்கத்தில் என் அப்பா சின்னச்சாமி நின்றார். இருவரும் விடியற்காலைப் பஸ்ஸைப் பிடித்துப் பூண்டியிலிருந்து வந்திருந்தார்கள். இருவரும் சலவைச் சட்டை போட்டிருந்தார்கள். பூண்டிக்காரர்கள் சலவைச் சட்டையில் கொடைக்கானல் வந்தால் ஒன்று ஆஸ்பத்திரி, இல்லையென்றால் பத்திரம். அன்றைக்கு இரண்டும் சேர்ந்த சோலி. மாமாவின் மனைவி கந்தம்மாள் அத்தைக்கு அடுத்த புதன்கிழமை மதுரையில் இதய ஆபரேஷன். திங்கள்கிழமை பணம் கட்ட வேண்டும். அதற்காக மாமா தன் பங்குகள் எல்லாவற்றையும் விற்கிறார், அப்பா வாங்கிக்கொள்கிறார். இந்த மனிதர்கள் நாலு நாள் தள்ளி வந்திருக்கக் கூடாதா என்று மனசுக்குள் திட்டினேன்.

நான் வங்கியின் தலைமை அலுவலகத்தில், பங்குப் பிரிவில் இருக்கிறேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பூண்டு வியாபாரி சேனாதிபதி முதலாளி ஆரம்பித்த வங்கி இது. மேல்மலைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி, அதற்குப் பங்கு கொடுத்தார். பின்னால் வங்கி பங்குச் சந்தைக்குப் போனது, வெளியூர்க்காரர்கள் வாங்கினார்கள், விற்றார்கள். பூண்டியில் மட்டும் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. யாருக்குப் பணமுடை வந்தாலும் பங்கை முதலில் ஊருக்குள்தான் கேட்பார்கள். அன்றைய பேப்பரில் என்ன விலையோ அதுதான் விலை, பேரம் கிடையாது. பங்கு மலை இறங்கக் கூடாது என்பார்கள். வாங்குகிறவர் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: முதலாளி வீட்டுப் பங்கு அப்படியே இருக்கிறதா?

அதற்கான பதிலை அவர்கள் பூண்டிக் கிளையின் சுவரில் பார்த்துக்கொள்வார்கள். யார் யாரிடம் எத்தனை பங்கு என்ற பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்தான் தயாரித்து அனுப்புகிறேன். முதல் வரி முதலாளி குடும்பம், அடுத்து இயக்குநர்கள், அதற்கும் கீழே மும்பை ஃபண்டுகள், இன்சூரன்ஸ் கம்பெனிகள். கடைசியில் சில்லறை ஆட்கள், அதாவது நாங்கள். பத்து வருஷமாக மும்பை வரிகள் ஒவ்வொன்றாகப் பெருத்துக்கொண்டே வந்தன. ஊரில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. முதல் வரியை மட்டும் விரல் வைத்துப் படித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அது ஜூன் மாதம் முப்பதாம் தேதிக் கணக்கு, இன்றைய கணக்கு இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்கள். சுவரில் இருக்கிறதே, அப்புறம் என்ன என்பது அவர்கள் நினைப்பு. இப்போது ஆகஸ்ட் முடியப்போகிறது.

முந்தின நாள் சாயங்காலம் கம்பெனி செயலாளர் ராஜமுருகன் சார் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, ஒரு ஃபைலைக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு ஏரிக்கு மேலே இருக்கும் முதலாளி வீட்டுக்குப் போனேன். முதலாளி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் கனடாவில். முதலாளியின் மனைவி தேவசேனா அம்மாள் ஹீட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தன் பங்குகள் அத்தனையையும் மும்பை ஃபண்டு ஒன்றுக்கு விற்றிருந்தார், சந்தை விலையைவிட நன்றாகக் குறைத்து. இந்தச் செய்தி வெளியே போனால் பங்கு சரியும் என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். நான் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்தது. கடைசித் தாளில் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“மேல்மலை ஆளுக யாராச்சும் வந்து கேட்டா என்னம்மா சொல்லுவே?”

வெள்ளிக்கிழமை சந்தை முடிந்த பிறகு பங்குச் சந்தைக்கு முறைப்படி அறிவிப்போம், அதுவரை யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன்.

“நான் அதக் கேக்கல” என்றார் அம்மாள்.

ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சொல்ல மாட்டேன் என்று நானும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவள்தான். போன வருஷம் எங்கள் ஆபீசில் ஒருவர் மச்சினனிடம் இதுபோல வாய்விட்டு, வேலை போய், இன்னும் வழக்குக்கு அலைகிறார். என் வீட்டுக்காரர் பாலமுருகன் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். சீசனில் ராஜா, மற்ற நாளில் என் சம்பளம்தான். பயம் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மாமா பங்கை மாற்றிக்கொடுக்கும் சீட்டை வாங்கி, நான் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடங்களை நிரப்ப ஆரம்பித்தார். அப்பா காசோலையாகத் தரவிருந்தது வடுகபட்டிச் சந்தையில் மூன்று போகம் பூண்டு போட்டுச் சேர்த்த பணம். வீட்டுக்கு மேல்தளம் போடுவதற்காக அம்மா வைத்திருந்தது. மாமாவின் அவசரத்துக்கு உதவியதாகவும் இருக்கும், பங்கும் ஊரைவிட்டுப் போகாது என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டு வந்திருந்தார். மாமா எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா கண்ணைக் காட்டினார். வராந்தாவுக்குப் போனோம். மூடுபனி படியேறி உள்ளேவரை வந்திருந்தது.

“தாயி, மொதலாளி வீட்டுப் பங்கு அப்படியே கெடக்குல்ல?”

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. வழக்கம், கேட்டாக வேண்டும், கேட்டார். சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா என்று ஒரு பதிலைப் காலையில் வேலைக்கு வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். எந்த ஊர்க்காரன் கேட்டாலும் அதைச் சொல்லித் தப்பிக்கலாம். அதில் பொய் எதுவும் இல்லை, விதிமீறலும் இல்லை. கேட்டது அப்பா. வேறு ஒன்று வாயில் வந்துவிட்டது.

“அத மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்கப்பா.”

அப்பா என் முகத்தைப் பார்த்தார். ஐம்பது வருஷம் கமிஷன் கடைக்காரர்கள் முகத்தைப் பார்த்தே அன்றைய விலையைக் கண்டுபிடித்தவர் அவர். அந்த வித்தையை என்மேல் காட்டுவார் என்று நான் நினைத்ததே இல்லை. பார்த்து முடித்ததும் அவர் கண் கீழே போனது.

“சரி தாயி” என்றார்.

திரும்பி வந்தோம். மாமா எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுக் கையெழுத்துக்கான இடத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா பையைத் திறந்தார், காசோலைப் புத்தகத்தைத் தொட்டார், மூடினார். வடுகபட்டிப் பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை, இன்றைக்கு ஏறிவிடும் என்று நம்பி வந்தேன், கடைக்காரன் இழுத்தடிக்கிறான், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அது இந்த வாரம் திங்கள்கிழமையே ஏறிவிட்டது. அவரே போனில் சந்தோஷமாக என்னிடம் சொன்னதுதான். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாகவே சொன்னார்.

மாமாவே அப்பாவைத் தேற்ற ஆரம்பித்தார். பணம் வராததற்கு மச்சான் என்ன செய்வார், பூண்டுக் கடைக்காரர்களே இப்படித்தான் என்றார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நீ உள்ள இருக்கிற புள்ள. இன்னைக்கே வெளியில வித்துப்புடவா, இல்ல ஒங்கப்பா பணம் வார வரைக்கும் பொறுக்கவா? நீ சொல்றபடி செய்றேன்.”

பயிற்சி வகுப்பில் ராஜமுருகன் சார் ஒன்று சொல்வார். உள்ரகசியம் தெரிந்து ஒருவர் தப்பித்தால், எதிர்ப்பக்கம் ஒருவர் அடிபடுவார், அவர் முகம் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்று. அப்போதெல்லாம் மத்தியானச் சாப்பாடு எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அந்த முகம் எனக்கு முன்னால் ஒரு முழம் தூரத்தில் இருந்தது. எனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவரின் முகம். அப்பாவைக் காப்பாற்றி, அவர் நஷ்டத்தைத் தூக்கி மாமா தலையில் வைத்துவிட்டேன். விற்றுவிடுங்கள் மாமா, இன்றைக்கே, இப்போதே. இந்த நாலு வார்த்தைக்கு நாக்கு வரவில்லை. ஒருமுறை பிசகிய வாய் இரண்டாவது முறை பத்திரமாக மூடிக்கொண்டது. அதற்காக என்னை நானே மன்னிக்கப்போவதில்லை.

“எனக்குத் தெரியல மாமா” என்றேன்.

அவர் சிரித்தார். பங்கு மலை இறங்க வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். அத்தையின் நகையை வைத்து ஆபரேஷனை முடித்துக்கொள்ளலாம், அடுத்த மாதம் அப்பாவுக்கே கொடுத்து நகையை மீட்டுக்கொள்ளலாம் என்றார். நீ உள்ளே இருக்கும் தைரியத்தில்தான் ஊரே தூங்குகிறது என்று வேறு சொன்னார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு, அவர்களோடு பஸ் நிலையம்வரை போனேன். வழியில் மாமா அத்தைக்கு ரொட்டி வாங்கினார். பூண்டி பஸ்ஸில் கூட்டமே இல்லை. மாமா முன்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் அப்பாவுக்காகத் துண்டைப் போட்டார். அப்பா பின்னால் ஏறினார். அந்த இருக்கைவரை போனவர் நிற்காமல் தாண்டி, டிரைவருக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா கூப்பிடுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இடுப்பு வலி, நின்றால்தான் சரியாக இருக்கும் என்பதுபோல் அப்பா இடுப்பைத் தொட்டுக் காட்டினார். பூண்டிக்கு இரண்டரை மணி நேரம், வழியெல்லாம் வளைவு.

பஸ் நகர்ந்தது. மாமா எனக்குக் கையசைத்தார், நானும் அசைத்தேன். திருப்பத்தில் பஸ் சாய்ந்தபோது அப்பா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மாமா பக்கத்தில் அந்தத் துண்டு அப்படியே கிடந்தது.