மரியாதைப் பன்மை

பங்குனி பிறந்து பத்து நாளாகியிருந்தது. பருத்தி எடுத்து முடிந்த காடுகள் தம் கரிய முகத்தை வானுக்குக் காட்டிக் கிடந்தன. சங்ககிரி மலைப்பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை மாலையில் மெல்ல மெல்ல வெளியே விட்டது. காவிரி, மணலின் நடுவே ஒடுங்கிய நீர்க்கோடாய், ஓசையின்றிக் குமாரபாளையத்தைக் கடந்தது. வேம்பு மட்டும் பூத்திருந்தது. நோன்பிருப்பவர் உதட்டில் தங்கிய சிறு நகைபோல, அந்த வறட்சியின்மேல் அதன் மணம் நின்றது. லெந்து என்னும் தவக்கால நாட்களுக்கு இதைவிடப் பொருத்தமான பருவம் இல்லையென்று போதகர் வெள்ளியங்கிரி ஆண்டுதோறும் பிரசங்கத்தில் சொல்வார்.

ஞானஸ்நானம் பெற்றபோதும் பெற்றோர் இட்ட பெயரை விடாதவர் அவர். பழஞ்செய்யுளில் தோய்ந்தவர். இலக்கணப் பிழையோடு யாரேனும் ஜெபித்தால் மூடிய கண்ணைத் திறந்து பார்த்துவிடுவார்.

அந்த 1938ஆம் ஆண்டில் சபையில் ஒரு மாறுதல் நேர்ந்தது. அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜனத்துக்கு யாரைச் சேர்ப்பது என்பதை அதுவரை மிஷன் துரை வந்து முடிவுசெய்வார். இனிச் சபை தெரிந்தெடுக்கும் மூவரே முடிவுசெய்யலாம் என்று கடிதம் வந்தது. போதகரோடு, சூரமங்கலம் ரயில்வே ஆபீசில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற சண்முகவேலும், பள்ளிக்கூடத்து ஆசிரியை பெரியநாயகியும் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். பெண்ணொருத்தி அந்த நாற்காலியில் உட்காருவதைக் காணவே பலர் ஜன்னலோரம் கூடினார்கள்.

மூவர்முன் முதலில் வந்து நின்றவள் ஆத்தாயி. தோட்டக் கூலி வேலை செய்பவள். பதினோரு ஆண்டுகளாக, இராப்போஜனக் கிண்ணத்தைப் புளியிட்டுத் துலக்கிப் பொன்போலாக்கி மேசைமேல் வைப்பவள் அவளே. ஆனால் அதிலிருந்து ஒருமுறையும் பருகியதில்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தைப் பிழையின்றிச் சொல்ல வேண்டுமென்பது விதி. அதில் மூன்று முறை தோற்றிருந்தாள். மூன்று முறையும் துரையின் பக்கத்திலிருந்து ‘பிழை’ என்றவர் வெள்ளியங்கிரி.

“கிண்ணத்துக்கு வெளிய மட்டுந்தான் உனக்குப் பாத்தியதை” என்று அவள் ஓரகத்தி கேலி செய்வாள். இந்த உயிர்த்தெழுதல் பண்டிகைக்கும் வெளியே நிற்க நேர்ந்தால் இனிக் கேட்பதில்லை என்று ஆத்தாயி முடிவுசெய்திருந்தாள்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஜெபத்தைத் தொடங்கினாள். தடுமாற்றமே இல்லை. ஆனால் ‘உம்முடைய’ என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘உங்க’ என்றாள். முடிவில், “ஆமெனுங்க” என்றாள்.

ஜன்னலில் சிரிப்பு எழுந்தது.

“உம்முடையன்னு சொல்லும்மா” என்றார் வெள்ளியங்கிரி.

“வாய் வருலீங்க சாமி.”

“பதினோரு வருசமா வராத வாயா?”

“பண்ணாடிகிட்டப் போயி, உம்முடைய தோட்டம்னு சொன்னா அன்னைக்கே வேலையில்லைன்னு அனுப்பிருவாருங்க. தோட்டத்துக்காரருக்கே நீங்க, உங்கன்னு சொல்ற நானு, ஆண்டவரை அதுக்குங் கீழ எறக்கிப் பேசறதுங்களா?”

“உம் என்பது மரியாதைச் சொல்தான். செய்யுளைப் பாத்தா தெரியும்.”

“செய்யுள் பாடுன பெரியவங்க அவிங்களுக்குத் தெரிஞ்ச மரியாதையைக் குடுத்தாங்க. எனக்குத் தெரிஞ்ச மரியாதை இதுதானுங்களே.”

சண்முகவேல் கடிதத்தைத் தட்டினார். “பிழையின்றின்னு போட்டிருக்குதுங்க. இதை உட்டா நாளைக்கு ஒருத்தன் ‘ஏனுங்க’ன்னு ஜெபத்தை ஆரம்பிப்பான்.”

“ஆரம்பிக்கட்டுமுங்க” என்றாள் பெரியநாயகி. “ஊட்டுல அப்பனை அப்படித்தான கூப்புடறான். நீங்க மட்டும் ஆபீசுல ஸ்டேஷன் மாஸ்டரை நீர்னா கூப்புட்டீங்க?”

“கூப்புட்டிருந்தா எனக்கேது பென்ஷன்” என்றார் சண்முகவேல், சிரிப்பை அடக்க முடியாமல்.

வெள்ளியங்கிரி ‘நீர்’, ‘நீங்கள்’ என்று தமக்குள் சொல்லிப் பார்த்தார். தாம் நாற்பது ஆண்டு கற்ற இலக்கணம் அவர்முன் எழுந்து நின்றது. ‘நீர்’ என்பது முன்னாளில் பலரைக் குறித்த சொல். ஒருவரைப் பலராக எண்ணிப் பணிந்தபோது அது மரியாதை ஆயிற்று. காலம் சென்று அது தேய்ந்ததும், மக்கள் ‘நீங்கள்’ என்று மேலும் ஒரு பன்மையைச் சேர்த்தார்கள். சொல் மாறியது பணிவு குறைந்ததால் அன்று, பணிவு குறையாதிருக்கவே. முன்னோர் செய்ததையே இவளும் செய்கிறாள். இதை அறியக் கற்ற நூலெல்லாம் கையிலிருந்தும், மூன்று முறை இவளை வாசலில் நிறுத்தியவர் தாமே.

“பிழை இருக்குது” என்றார். ஆத்தாயி தலைகுனிந்தாள்.

“அது என்னோட பிழை. ஆத்தாயி சொன்னதுல இலக்கணம் இருக்குது, மரியாதையும் இருக்குது. மூணு தடவையும் நான்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன். மன்னிச்சுக்கோணும்.” எழுந்து நின்று கையை உயர்த்தினார். பெரியநாயகியின் கை அதற்கு முன்பே உயர்ந்திருந்தது.

சண்முகவேல் கடிதத்தை மடித்தார். “ரெண்டு கையே போதுமுங்க. இருந்தாலும் என்னோட கையையும் சேத்துக்குங்க. ஆமெனுங்க.”

இம்முறை ஜன்னலில் எழுந்த சிரிப்பில் ஆத்தாயியும் கலந்துகொண்டாள்.

உயிர்த்தெழுதல் ஞாயிறு விடிந்தது. ஆத்தாயி வழக்கம்போல் கிண்ணத்தைத் துலக்கி மேசைமேல் வைத்தாள். ஆனால் வழக்கம்போல் பின்வரிசைப் பாய்க்குப் போகவில்லை; முன்வரிசையில் முழந்தாளிட்டாள். கர்த்தரின் ஜெபத்தைச் சபையார் ஒருமித்துச் சொன்னார்கள். ‘உம்முடைய’ என்ற பல குரல்களுக்கு நடுவே ‘உங்க’ என்ற ஒரு குரல் அஞ்சாமல் ஒலித்தது. வெள்ளியங்கிரி கண்ணைத் திறக்கவில்லை.

கிண்ணம் அவளிடம் வந்தது. இரு கையாலும் வாங்கினாள். பதினோரு ஆண்டுகளாகத் தன் விரல் தேய்த்த விளிம்பை முதலில் வலக்கண்ணிலும் பிறகு இடக்கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு பருகினாள்.

வெள்ளியங்கிரி அவள் தலைமேல் கைவைத்தார். புத்தகத்தில் அச்சிட்டிருந்த ஆசீர்வாதம் அவருக்கு மனப்பாடம். அன்று வாயில் வந்தது வேறு.

“ஆண்டவருங்க உங்களைக் காப்பாங்க சாமி. உங்க போக்கையும் வரத்தையும் அவருங்க பாத்துக்குவாங்க. சமாதானமாப் போயிட்டு வாங்க.”