புளியமரத்துக்கு வந்த அழுங்கு

முயல் வலைக்கு அனுமதி வாங்கத்தான் வெள்ளச்சி கள்ளக்குறிச்சிக்கு வந்திருந்தாள். கணவன் கருப்பண்ணனின் கால் முறிந்ததிலிருந்து அந்த வீட்டில் வேட்டைக்குப் போவது அவள்தான். முயல், காடை, கௌதாரி மூன்றையும் பருவத்தில் பிடிக்கலாம், சினையாக இருப்பதையும் குட்டியோடு இருப்பதையும் தொடக்கூடாது என்று சொல்லி, வலையைப் பார்த்துவிட்டு வனத்துறை ஆபீசில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வெளியே வந்தால் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் இல்லை. எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த நேரம். இடஒதுக்கீடு கேட்டு எங்கு பார்த்தாலும் சாலை மறியல்.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். கச்சிராயபாளையம் தாண்டி அடிவாரத்துக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. அங்கே ஒரு கிழட்டுப் புளியமரத்தை ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிப் போட்டு, அதன்மேல் நாலைந்து வாலிபர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"தோள்ல இன்னாக்கா மூட்டை?" என்று கேட்டான் அவர்களில் மூத்தவனான தீனதயாளன்.

"முயல் வலைப்பா."

"காலையிலேர்ந்து பட்டினி. சோறு கொண்டாறப் போனவனையும் காணல. எங்களுக்கு ஒண்ணு புடிச்சிக் குடேன்."

பசித்த முகங்களைப் பார்த்தபின் அவளுக்கு மறுக்க மனம் வரவில்லை. ரோட்டோரப் புதர்களுக்கு நடுவே வலையைக் கட்டினாள். பையன்கள் சுற்றி வளைத்துப் புதரை அடித்தார்கள். முதலில் விழுந்த முயலின் வயிற்றைத் தடவிப் பார்த்தவள், அதை அப்படியே கீழே விட்டுவிட்டாள்.

"கைக்கு வந்தத வுட்டுட்டியேக்கா!"

"வயித்துல குட்டி இருக்குது. இத்த அடிச்சிட்டு அப்பறம் எத்தப் புடிக்கிறது?"

அடுத்தது நல்ல கடா முயல். அதன் காலைக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் புளியமரத்தின் அடிப்பக்கம் பரட்டுப் பரட்டென்று சத்தம் கேட்டது. உளுத்துப்போன மரத்தைப் பிளந்து ஓர் அழுங்கு எறும்பு தின்றுகொண்டிருந்தது. நூல்போல நீண்ட நாக்கு பொந்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. சாய்ந்த வெயில் பட்டு உடம்பின் செதில் ஒவ்வொன்றும் பித்தளைபோல் மின்னியது. வாலின்மேல் குப்புறப் படுத்து, கெட்டியாகப் பிடித்திருந்தது ஒரு குட்டி.

வெள்ளச்சி மூச்சுவிடவில்லை. அது பறித்த குழிகளைக் காட்டில் எத்தனையோ பார்த்திருக்கிறாள். பட்டப்பகலில், குட்டியோடு, எட்டித் தொடும் தூரத்தில் பார்த்ததே இல்லை.

ஒருவன் மெல்லக் கம்பை எடுத்தான். தீனதயாளன் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

அழுங்கு மரத்தைவிட்டு இறங்கி ரோட்டின் நடுவுக்கு வந்த நேரம், வளைவில் போலீஸ் வேன் வந்தது. சத்தம் கேட்டதும் அது குட்டியை உள்ளே வைத்துச் சுருண்டு பந்தாகிவிட்டது. லத்தியோடு போலீஸ்காரர்கள் குதித்தார்கள். ஓடியிருக்க வேண்டிய தீனதயாளன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் போய் நின்றான்.

"சார், கீழ பாருங்க சார்! சத்தம் போடாதீங்க!"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். திரும்பி டிரைவரிடம் கையைக் காட்டினார். இன்ஜின் நின்றது.

ஓடைத் தண்ணீர் ஓடுவது கேட்டது. யாரும் அசையவில்லை. வெகுநேரம் கழித்துப் பந்து மெல்ல நெகிழ்ந்தது. முதலில் மூக்கு, பிறகு ஒரு சின்னக் கண். குட்டி தடுமாறி எழுந்து மறுபடி வாலில் ஏறிக்கொண்டது. அழுங்கு நிதானமாக, ஒரு போலீஸ்காரரின் பூட்ஸை உரசிக்கொண்டு, எதிர்ப்பக்கக் காட்டுக்குள் போனது. அந்தப் போலீஸ்காரர் தொப்பியை எப்போது கழற்றினாரோ, அது அவர் கையில் இருந்தது.

"ஏறுங்கப்பா" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் அதட்டல் இல்லை. பையன்களும் கோஷம் போடாமல் ஏறினார்கள்.

"முயல நீயே கொண்டுபோய் ஆக்குக்கா" என்றான் தீனதயாளன், கண்ணைக் காட்டிலிருந்து எடுக்காமலே.

வெள்ளச்சி வீடு போய்ச் சேர்ந்து கருப்பண்ணனிடம் சொன்னாள். இருபது வருஷம் வேட்டையாடியவன், அடுப்பில் கறி தீய்வதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"குட்டிய வால்மேல வெச்சிக்கினா?"

"ஆமா."

"தார் ரோட்லயா?"

"ஆமாங்கறேன்."

"இன்னொரு தரம் சொல்லு" என்றான் அவன்.