அளந்தபோது நின்ற இடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்குச் சிக்னல் அளக்க வந்தார்கள். அப்போது ஏகாம்பரம் மூன்றாம் மாடிப் படித்திருப்பத்தில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். செல்போன் டவரிலிருந்து வரும் அலை எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது, எந்த ஆளில் பட்டு மங்குகிறது என்று பார்த்து, குடியிருப்புக்கு ஒரு மாடல் தயாரித்தார்கள். மாடலில் ஏகாம்பரம் குனிந்திருந்தார். அதனால் அன்றிலிருந்து அங்கேயே குனிந்து நிற்கிறார்.

அலை அவர் முதுகில் பட்டுத்தான் நான்காம் மாடிக்கு ஏறியது. அவர் இருமினால் மேலே போனில் ஓடும் கிரிக்கெட் உறைந்துவிடும். நான்காம் மாடி வத்சலா கதவைத் திறப்பாள்.

“ஓவர் முடியற வரைக்கும் அடக்கிக்க முடியாதா?”

“மன்னிச்சுக்கோங்கம்மா.”

“அதையும் அசையாம கேளுங்க.”

இன்று அவர் மகள் சுகந்தி வருகிறாள். சண்டை போட்டுக்கொண்டு போனவள். ஸ்டேஷனுக்கு வந்து அப்பா கூப்பிட்டால்தான் வீட்டுக்கு வருவேன் என்று சொல்லியிருந்தாள். ஏகாம்பரம் நிமிர்ந்தார்.

எல்லா மாடிகளிலும் கதவுகள் திறந்தன. குடியிருப்புச் சங்கச் செயலாளர் தணிகாசலம் படியை மறித்தார். கூடவே அளவெடுப்பவன், தோளில் ஆன்டெனாவுடன். அவன் அன்று வந்தவன், போகவில்லை.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“ஸ்டேஷனுக்கு சார். பொண்ணு வருது.”

தணிகாசலம் திரும்பினார். “இவருக்குப் பொண்ணு இருக்காப்பா, மாடல்ல?”

“இல்ல சார். அளந்தப்ப அந்தப் பொண்ணு ஊர்ல இல்ல.”

“அப்புறம் யாரு வருதுன்னு சொல்றீங்க?”

“மாடலை ஒருதரம் மாத்தி அளங்களேன்,” என்றார் ஏகாம்பரம்.

“மாடல் சரியாத்தான் சார் இருக்கு. நீங்கதான் தப்பா நகர்றீங்க,” என்றான் அளவெடுப்பவன்.

யாரும் வழிவிடவில்லை. அவன் யோசித்தான்.

“ஆளுன்னாலும் அலைக்குத் தண்ணிதான். அந்த அளவுக்குத் தண்ணி நின்னா போதும்.”

வத்சலா குடிநீர்க் கேன்களை உருட்டி வந்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஏகாம்பரத்தின் சட்டையைக் கழற்றி அந்த அடுக்குக்கு மாட்டினார்கள். சட்டைப் பையில் அவருடைய போன் இருந்தது. கீழே அவருடைய ஒற்றைச் செருப்பை வைத்தார்கள்.

அளவெடுப்பவன் மீட்டரைப் பார்த்தான். “இவரைவிட நல்லா இருக்கு சார். இருமாது.”

“இனிமே நீங்க திரும்பி வரத் தேவையில்ல,” என்றார் தணிகாசலம்.

பனியனோடு, ஒரு காலில் செருப்போடு ஏகாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனார். ரயில் வந்தது. சுகந்தி அவர் எதிரில்தான் இறங்கினாள்.

“சுகந்தி,” என்றார்.

அவர் அங்கே இல்லாததுபோல் அவள் பின்னாலிருந்த பிளாட்பாரத்தைப் பார்த்தாள். மறுபடி கூப்பிட்டார். அவள் போனை எடுத்து அப்பாவின் நம்பரை அழுத்தினாள். படித்திருப்பத்தில் கேன் போனை எடுத்தது.

“எங்க இருக்கீங்கப்பா?”

போனுக்குள் தண்ணீர் தளும்பியது. அது ஏகாம்பரத்துக்கும் கேட்டது. அவள் முகம் மாறியது.

“அழறீங்களா? நீங்க அழுது நான் பார்த்ததே இல்லையே. சரி, இருங்க. நானே வரேன்.”

அவள் ஆட்டோவில் ஏறினாள். அவர் பின்னால் ஓடினார். தெரு நீண்டுகொண்டே போனது.

அவர் வந்து சேர்ந்தபோது ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. தணிகாசலம் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

“யாருங்க நீங்க? இங்க நிக்காதீங்க, சிக்னல் அடிபடுது.”

“மேல என் பொண்ணு போயிருக்கு சார்.”

“அது அவங்க அப்பாகூட இருக்கு.”

ஏகாம்பரம் கூப்பிட வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. நான்காம் மாடியில் எதுவும் உறையவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து சுகந்தியின் குரல் மட்டும் படிகளில் பட்டுப் பட்டு இறங்கி வந்தது.

“அப்பா, ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கீங்க?”